மக்னீசியம் குறைந்தால் குறைமாதத்தில் வலி வந்துவிடுமா? 27 வாரம், பயமாக இருக்கிறது

மல்லிகை, திருவொற்றியூர்
வியாழன், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 27 வாரம் முடிந்திருக்கிறது. இது இரண்டாவது குழந்தை. மூத்தவன் 34 வாரத்திலேயே பிறந்துவிட்டான். பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, பிறகுதான் கையில் கொடுத்தார்கள். அந்தப் பத்து நாளை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

இரண்டு வாரமாக விடியற்காலையில் கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கொள்கிறது. அலறியடித்து எழுந்துவிடுகிறேன். என் கணவர் கால் பெருவிரலைப் பிடித்து மேல்நோக்கி மடக்கினால்தான் அடங்குகிறது. தெருமுனை மருந்துக் கடையில் சொன்னபோது மக்னீசியம் குறைந்திருக்கும் என்றார்கள். இரத்தம் கொடுத்துப் பார்த்தேன். 1.6 என்று வந்திருக்கிறது, பக்கத்திலேயே 'குறைவு' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த என் நாத்தனார், மக்னீசியம் குறைந்தால் கர்ப்பப்பை இறுகிச் சீக்கிரமே வலி எடுத்துவிடும் என்று படித்ததாகச் சொன்னார். அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. மூத்தவனுக்கும் இதனால்தான் அப்படி ஆனதோ? கடையில் கொடுத்த மாத்திரை கையில் இருக்கிறது. போடலாமா? சுகாதார நிலையத்தில் அடுத்த பரிசோதனை வரும் செவ்வாய்க்கிழமைதான்.

ராணி, காசிமேடு
வியாழன், இரவு 10.05

தைரியமாகப் போடு, தங்கையே. எனக்கு முதல் இரண்டும் குறைமாதம். மூன்றாவதுக்கு ஐந்தாம் மாதத்திலிருந்தே மக்னீசியம் மாத்திரை கொடுத்தார்கள். 39 வாரம் நிறைந்து, மூன்று கிலோவில் பெண் பிறந்தாள். இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? இடையில் வயிறு இறுகினால் சீரகத்தைக் கருக வறுத்துத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துக் குடி. சூட்டு வலியாக இருந்தால் அடங்கிவிடும்.

பாவை, பெரம்பூர்
வியாழன், இரவு 10.50

நான் ஊட்டச்சத்தியல் முதுகலை படிக்கிறேன். மல்லிகை அக்கா, அந்த 1.6 என்ற எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம். நம் உடம்பில் உள்ள மக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்த நீரில் இல்லை. பாதிக்கு மேல் எலும்பிலும், மீதி பெரும்பாலும் தசையிலும் இருக்கிறது. கர்ப்பக் காலத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதால் இந்த அளவு சற்று இறங்குவது இயல்பு. பரிசோதனைக் கூடங்கள் அச்சிடும் எல்லைக்கோடு பெரும்பாலும் கர்ப்பம் இல்லாதவர்களுக்கானது. 27 வாரத்தில் 1.5 வரை இருப்பதைப் பொதுவாக இயல்பு என்றே கொள்கிறார்கள்.

ஆராய்ச்சியில் இது பழைய வழக்கு. 1988-ல் சுவிட்சர்லாந்தில் 568 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஆய்வில், மக்னீசியம் உட்கொண்ட பெண்கள் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது குறைந்தது என்று வந்தது. ராணி அக்கா சொல்லும் நம்பிக்கையின் வேர் அங்கே இருக்கிறது. மறு ஆண்டே அமெரிக்காவில் இளம் கர்ப்பிணிகளிடம் செய்து பார்த்தார்கள், வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. 2014-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுவினர் 10 ஆய்வுகளையும் அவற்றில் இருந்த 9,090 பெண்களையும் சேர்த்து அலசினார்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் மக்னீசியம் மாத்திரை கொடுப்பதால் குறைமாதப் பிரசவம் குறைகிறது என்று சொல்லத் தரமான ஆதாரம் இல்லை என்பதே முடிவு.

கணேசன், கொடுங்கையூர்
வெள்ளி, காலை 6.30

தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையே! என் மனைவிக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. எங்கள் பக்கம் பாதிப் பேர் கேன் தண்ணீர்தான் குடிக்கிறோம். வடிகட்டும் இயந்திரம் உப்போடு மக்னீசியத்தையும் சேர்த்தே எடுத்துவிடும். மீஞ்சூருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தொடங்கினார்கள், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன். அந்த முறையிலும் மக்னீசியம் பெரும்பகுதி போய்விடும். இந்த வட்டாரத்துப் பெண்களுக்குக் குறைபாடு வருவதற்கு இதுவே காரணமாக இருக்காதா?

செவிலி அம்மா, ராயபுரம்
வெள்ளி, காலை 11.15

மகளே மல்லிகை, பிரசவ அறையில் முப்பத்தொரு ஆண்டு நின்று ஓய்வு பெற்றவள் எழுதுகிறேன். முதலில் ஒன்றை மனத்திலிருந்து இறக்கி வை. மூத்தவன் முன்கூட்டிப் பிறந்தது உன் குற்றமல்ல. நீ எதையோ சாப்பிடாமல் விட்டதால் அவன் பெட்டியில் கிடக்க நேரவில்லை.

உன் நாத்தனார் படித்தது காற்றில் வந்த பேச்சும் அல்ல. தசை எதுவானாலும் சுருங்க வேண்டுமென்றால் கால்சியம் அதற்குள் நுழைய வேண்டும். மக்னீசியம் வாசலில் நின்று அதை மட்டுப்படுத்துகிறது. கர்ப்பப்பையும் தசைதானே, ஆகவே மக்னீசியம் குறைந்தால் அது இறுகலாம் என்று மருத்துவர்களே நினைத்தார்கள். நினைத்ததைச் சோதித்தும் பார்த்தார்கள். அந்தப் பெண் பாவை எழுதியிருப்பதுதான் கிடைத்த விடை.

உண்மையாகவே குறைபாடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் வாந்தி எடுத்து உடம்பு வற்றியவர்கள், ஓயாத பேதி உள்ளவர்கள், சர்க்கரை கட்டுக்குள் வராதவர்கள், நெஞ்செரிச்சலுக்கென்று ஒமெப்ரசோல் வகை மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குகிறவர்கள். இவர்களுக்கு மருத்துவர் பார்த்து அளவு சொல்லி மாத்திரை கொடுப்பார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சமாசாரம் இல்லை இது. சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் இந்த மாத்திரையே நஞ்சாகும். கோளாறு இல்லாதவர்களுக்கும் அளவு மிஞ்சினால் வயிற்றுப்போக்கு வரும். கர்ப்பிணிக்கு வயிற்றுப்போக்கு எவ்வளவு கெடுதல் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கணேசன் தம்பி, தண்ணீரில் இருந்து கிடைப்பது கொஞ்சம்தான், பெரும்பங்கு சோற்றுத் தட்டிலிருந்து வருவது. தண்ணீர்க் கேனை மாற்றுவதைவிடத் தட்டை மாற்றுங்கள்.

இப்போது மல்லிகையிடம் சில கேள்விகள். ஒளிக்காமல் பதில் சொல். சிறுநீர் போகும்போது எரிகிறதா, கடுக்கிறதா? ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறாய்? எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய்? வெள்ளைப்படுதலில் வாடை உண்டா? பல் சொத்தையோ ஈறு வீக்கமோ உண்டா? மூத்தவன் முன்கூட்டிப் பிறந்ததை மருத்துவரிடம் சொல்லியிருக்கிறாயா? ஒரு முறை குறைமாதம் ஆனவர்களுக்கு மறுபடியும் ஆக வாய்ப்பு அதிகம். ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளந்து பார்க்க வேண்டியவள் நீ. 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதற்கென்று புரோஜெஸ்டிரோன் மருந்து இருக்கிறது.

ராணி, காசிமேடு
வெள்ளி, மாலை 4.20

அம்மா, உங்கள் அனுபவத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனாலும் என் வயிற்றில் நடந்தது எனக்குத்தானே தெரியும்? மாத்திரை போட்டேன், மாதம் நிறைந்தது. ஒன்பதாயிரம் பேரைக் காட்டி அதைப் பொய் என்று சொன்னால் மனது ஏற்கவில்லை.

செவிலி அம்மா, ராயபுரம்
வெள்ளி, மாலை 5.00

நீ பொய் சொல்கிறாய் என்று யாரும் சொல்லவில்லை, ராணி. மூன்றாவது முறை வேறு என்னென்ன மாறியிருந்தது? அதை எனக்காக யோசித்து எழுதம்மா.

ராணி, காசிமேடு
வெள்ளி, இரவு 8.45

யோசித்துப் பார்த்தேன். முதல் இரண்டுக்கும் இடையில் ஒரு வருடம்கூட இல்லை. விடியற்காலை மூன்று மணிக்குத் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றேன். மூன்றாவதுக்கு ஐந்து வருட இடைவெளி. என் மாமியார் கூடையைத் தொடவே விடவில்லை. நாலாம் மாதத்தில் சிறுநீரில் கிருமி என்று சொல்லி ஒரு வாரம் மருந்து கொடுத்தார்கள். இரத்தம் 8 புள்ளி இருந்ததை 11-க்குக் கொண்டுவந்தார்கள். இதையெல்லாம் நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை, அம்மா. அந்த மாத்திரை மட்டும்தான் ஞாபகத்தில் நின்றிருக்கிறது.

மல்லிகை, திருவொற்றியூர்
வெள்ளி, இரவு 10.10

அம்மா, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். எரிச்சல் இருக்கிறது. இரண்டு மாதமாக வந்து வந்து போகிறது. வெயிலால் வரும் நீர்க்கடுப்பு என்று இளநீர் குடித்துவிட்டு விட்டுவிடுவேன்.

துணி ஏற்றுமதி செய்யும் இடத்தில் தையல் வேலை. எங்கள் தளத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் இருக்கிறோம், இரண்டே கழிப்பறை. எழுந்து போனால் கணக்குக் குறைகிறது என்று மேற்பார்வையாளர் முகம் சுளிப்பார். அதனால் காலையில் ஒரு டம்ளர் காப்பியோடு போனால் மதியச் சாப்பாடு வரை தண்ணீர் குடிக்க மாட்டேன். வீட்டிலும் ஒண்டுக் குடித்தனம், ஆறு குடும்பத்துக்கு ஒரே கழிப்பறை. இரவில் எழுந்தால் முற்றத்தைக் கடந்து இருட்டில் போக வேண்டும், அடக்கிக்கொண்டு படுத்துவிடுவேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

செவிலி அம்மா, ராயபுரம்
வெள்ளி, இரவு 10.35

கூசாதே. நான் பணியில் இருந்த காலம் முழுக்க வியாசர்பாடியில் இருந்தும் கொருக்குப்பேட்டையில் இருந்தும் எண்ணூரில் இருந்தும் வந்த பெண்கள் இதையேதான் சொன்னார்கள். ஊர் பெயர் மாறும், கதை மாறாது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்று, நாலு மாடி ஏற்றி, வீட்டில் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் குடிக்காமல் இருக்கிற பெண்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். கழிப்பறை இல்லாததால் தண்ணீரைக் குறைக்கிறார்கள். தண்ணீர் குறைந்து, சிறுநீர் தேங்கி, கிருமி குடியேறுகிறது. கர்ப்பக் காலத்தில் சிறுநீர்க் குழாய் தளர்ந்து போவதால் அந்தக் கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிடும். அந்த அழற்சிதான் கர்ப்பப்பையைக் கிளறிவிட்டு வலியைக் கிளப்புகிறது. எரிச்சலே இல்லாமலும் கிருமி இருக்கும், அதனால்தான் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சிறுநீர் பரிசோதனை செய்யச் சொல்கிறோம்.

உன் இரத்தத்தில் இருக்கும் 1.6-ஐவிட இதுதான் என்னைக் கலங்கவைக்கிறது. செவ்வாய் வரை காத்திருக்காதே. நாளைக் காலையே போய்ச் சிறுநீரைப் பரிசோதிக்கக் கொடு. கிருமி வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேள்.

பாவை, பெரம்பூர்
சனி, காலை 9.00

தட்டைப் பற்றி அம்மா சொன்னதால் எழுதுகிறேன். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குச் சுமார் 350 முதல் 400 மில்லிகிராம் மக்னீசியம் தேவை. தீட்டிய வெள்ளை அரிசி 100 கிராமில் 20-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. கேழ்வரகில் 140-ஐத் தாண்டும். கம்பு, பாசிப்பயறு, காராமணி, உளுந்து, வேர்க்கடலை எல்லாமே 100-க்கு மேல். முளைக்கீரையும் சிறுகீரையும் நல்லவை. விலை உயர்ந்த பாதாமும் பூசணி விதையும் தேவையே இல்லை. ஆடி மாதம் அம்மன் கோவில் வாசலில் ஊற்றும் கேழ்வரகுக் கூழை நாம் வருடத்தில் ஒரு மாதத்தோடு நிறுத்திவிடுகிறோம். புளித்த கூழில் சத்தை உடம்பு ஏற்றுக்கொள்வதும் எளிது, ஏனென்றால் சத்தைப் பிடித்து வைத்திருக்கும் பைடிக் அமிலத்தைப் புளிப்பு உடைத்துவிடுகிறது. அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கரைத்துக் கொடுத்துவிடாமல் நீங்களும் சாப்பிடுங்கள், அக்கா.

இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டாம். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இந்த இரண்டுக்கும் அதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

மல்லிகை, திருவொற்றியூர்
மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 11.15

அம்மா, விழித்திருக்கிறீர்களா? 30 வாரம் முடிந்துவிட்டது. மாலையிலிருந்து வயிறு கல்லாக இறுகி இறுகி விடுகிறது. முதலில் அரை மணிக்கு ஒரு தரம், இப்போது பத்து நிமிடத்துக்குள் வருகிறது. இடுப்பு கழன்று விழுவது போல் இருக்கிறது. சீரகத் தண்ணீர் குடித்தேன், அடங்கவில்லை. சிறுநீர் பரிசோதனைக்குப் போகவில்லை, என்னை மன்னியுங்கள். மாத்திரை போட்ட நான்காம் நாளே கால் இழுப்பது குறைந்துவிட்டது, சத்து ஏறிவிட்டது, இனி பயமில்லை என்று இருந்துவிட்டேன். வேலையிலும் விடுப்பு கிடைக்கவில்லை. இன்னொரு மக்னீசியம் மாத்திரை போட்டுக்கொண்டு விடியும்வரை பார்க்கலாமா?

செவிலி அம்மா, ராயபுரம்
சனி, இரவு 11.19

வேண்டாம். மாத்திரையும் வேண்டாம், சீரகத் தண்ணீரும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடு, இப்போதே. 30 வாரம், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இறுக்கம், மூத்தது குறைமாதம் என்ற மூன்றையும் சொல். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சொல். இங்கே ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். இருக்கிறது, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண் எழுதிய அட்டை, ஸ்கேன் சீட்டுகள், ஆதார், ஒரு புடவை. வேறு எதையும் தேடிக்கொண்டு நிற்காதே. நீர் கசிகிறதா? இரத்தம் படுகிறதா? குழந்தை அசைகிறதா?

மல்லிகை, திருவொற்றியூர்
சனி, இரவு 11.22

நீர் இல்லை, இரத்தம் இல்லை. அசைகிறது. என் கணவர் இரவுப் பணியில் இருக்கிறார். பையன் தூங்குகிறான்.

ராணி, காசிமேடு
சனி, இரவு 11.24

பையனை நான் பார்த்துக்கொள்கிறேன். தனிச்செய்தியில் என் எண் அனுப்பியிருக்கிறேன், முகவரியை அனுப்பு. என் மகன் ஆட்டோவை எடுத்துவிட்டான், இதோ கிளம்பிவிட்டோம். வண்டி எது முதலில் வந்தாலும் ஏறிவிடு. எனக்காகக் காத்திராதே.

மல்லிகை, திருவொற்றியூர்
பத்து நாள் கழித்து, செவ்வாய், மதியம் 2.30

வீட்டுக்கு வந்துவிட்டேன். குழந்தை இன்னும் வயிற்றில்தான் இருக்கிறது.

அன்று இரவு உள்ளே பார்த்த மருத்துவர், கர்ப்பப்பை வாய் ஒரு விரல் அளவு திறந்திருக்கிறது என்றார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வலியைத் தள்ளிப்போட ஒரு மாத்திரை கொடுத்தார்கள். குழந்தையின் நுரையீரல் பலப்படுவதற்கு என்று இடுப்பில் ஊசி, பன்னிரண்டு மணிக்கு ஒரு தரம், நான்கு முறை. பிறகு நரம்பில் ஒரு மருந்து ஏற்றினார்கள். ஏற ஆரம்பித்த நிமிடமே முகமும் மார்பும் அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்தது போலத் தகித்தது. நாக்கு வறண்டு போனது. செவிலி அக்கா ஒருவர் மணிக்கொரு தரம் வந்தார். முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டுவார், என் கால் தானாக ஒரு எத்து எத்தும், தலையை ஆட்டிவிட்டு அட்டையில் எழுதுவார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு என் மூச்சை எண்ணுவார், பையில் இறங்கிய சிறுநீரை அளப்பார். என்ன மருந்து என்று கேட்டேன். மக்னீசியம் சல்பேட் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சிறுநீரில் சீழ் செல்கள் நிறைய இருந்தன. கிருமி வளர்ப்புப் பரிசோதனையில் கிருமி வந்தது. நரம்பு வழியாக மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் இறுக்கம் முழுக்க நின்றது.

ராணி, காசிமேடு
செவ்வாய், மாலை 6.00

அங்கே உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே கேட்க நினைத்தேன். கடைசியில் மக்னீசியம்தானே ஏற்றினார்கள்? அப்படியென்றால் குறைபாடு இருந்தது உண்மைதானே, அம்மா? சண்டைக்குக் கேட்கவில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

செவிலி அம்மா, ராயபுரம்
செவ்வாய், இரவு 8.10

நல்ல கேள்வி, ராணி. இதில் குழம்பாதவர்களே இல்லை. அன்றைக்கு ஏற்றிய மக்னீசியம் குறையை நிரப்புவதற்கு அல்ல. ஒரு நாள் சாப்பாட்டில் உடம்புக்கு வேண்டியது அரை கிராம்கூட இல்லை. அங்கே முதல் இருபது நிமிடத்திலேயே 4 கிராம் ஏற்றுவார்கள், பிறகு மணிக்கு 1 கிராம் வீதம். அந்த அளவில் அது சத்து இல்லை, வீரியமான மருந்து. அளவு மிஞ்சினால் முதலில் முழங்கால் எத்துவது நிற்கும், பிறகு மூச்சு நிற்கும். அந்தச் சுத்தியல் அதற்குத்தான். முறிவுக்குக் கால்சியம் ஊசி பக்கத்திலேயே தயாராக இருக்கும்.

கொடுத்தது எதற்கு என்றால், 32 வாரத்துக்கு முன்னால் பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால் அது குழந்தையின் மூளைக்குப் பாதுகாப்பு. பிறகு கை கால் இழுத்துக்கொள்ளும் மூளை முடக்குவாதம் வரும் வாய்ப்பு அதனால் குறைகிறது என்று உறுதிப்பட்டிருக்கிறது. 2015-ல் உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது. இதே மருந்துதான் இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் தாய்மார்களையும் காக்கிறது. 2002-ல் வெளிவந்த ஆய்வில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் பார்த்தார்கள், வலிப்பு வரும் ஆபத்து பாதிக்கு மேல் குறைந்தது. என் கண்ணெதிரே அது எத்தனையோ தாய்மாரின் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது, அந்த மருந்தின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஆனால் வலியை நிறுத்துவதற்கு அது உதவவில்லை. ஒரு காலத்தில் நாங்களே அந்த நம்பிக்கையில் ஏற்றியிருக்கிறோம். 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அது பிரசவத்தைத் தள்ளிப்போடவில்லை என்று 2014-ல் எழுதினார்கள். நாள்கணக்கில் ஏற்றினால் குழந்தையின் எலும்பு பலவீனப்படும் என்று 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. மல்லிகைக்கு வலியைத் தள்ளிப்போட்டது அந்த மாத்திரை, நிபெடிபினாக இருக்கும். அது கால்சியம் நுழையும் வாசலையே அடைக்கிறது. அந்த இரண்டு நாள் அவகாசத்தில் நுரையீரலுக்கான ஊசி வேலை செய்தது, கிருமிக்கான மருந்தும் பிடித்தது.

வாசகி, புளியந்தோப்பு
புதன், காலை 10.20

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு எட்டாம் மாதம். ஏழாம் மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

செவிலி அம்மா, ராயபுரம்
புதன், காலை 10.45

இல்லவே இல்லை. வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பிழைக்கும் வாய்ப்பு கூடத்தான் செய்யும். எட்டாம் மாதத்தில் வலி வந்தால் எப்படியும் தங்காது என்று யாரும் கைகட்டி உட்கார்ந்துவிடக் கூடாது. 37 வாரம் முடிவதற்குள் இறுக்கம் சீராக வந்தாலோ, நீர் கசிந்தாலோ, இரத்தம் பட்டாலோ, அடிவயிறு கீழே தள்ளுவது போல் கனத்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, நேரம் காலம் பார்க்காமல் வந்துவிடு. பொய் வலியாக இருந்து திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். அதற்காக நாங்கள் ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை.

மல்லிகை, திருவொற்றியூர்
புதன், இரவு 9.30

அம்மா, மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டேன். இப்போது தேவையில்லை, கால் இழுத்தால் படுக்கும் முன் கெண்டைக்காலை நீட்டி மடக்கச் சொன்னார். வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். என் கணவர் முற்றத்தில் ஒரு விளக்குப் போட்டிருக்கிறார், இரவில் அவரும் எழுந்து கூட வருகிறார். ஒரு பாட்டிலில் கோடு போட்டு வைத்துக்கொண்டு குடிக்கிறேன், இரண்டரை லிட்டர்.

கணேசன், கொடுங்கையூர்
வியாழன், காலை 7.05

இந்த இழையை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவளும் எரிச்சலை மறைத்திருக்கிறாள், நேற்றுத்தான் சொன்னாள். இன்று காலை பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன். மளிகையில் கேழ்வரகும் காராமணியும் வாங்கியாயிற்று. நன்றி, அம்மா.

மல்லிகை, திருவொற்றியூர்
ஆறரை வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.40

நேற்று அதிகாலை 4.50-க்குப் பெண் குழந்தை பிறந்தாள். 38 வாரம் 2 நாள், 2 கிலோ 700 கிராம். பிறந்தவுடன் அழுதாள், துடைத்து என் மார்பிலேயே போட்டார்கள். பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதை எழுதும்போது என் கைக்குள்தான் தூங்குகிறாள்.

செவிலி அம்மா, ராயபுரம்
ஞாயிறு, மாலை 5.52

என் தங்கமே. கண் நிறைந்துவிட்டது. பால் பிடித்துக் குடிக்கிறாளா? உனக்குச் சிறுநீர் தடையில்லாமல் போகிறதா? தையல் வலிக்கிறது என்று தண்ணீரைக் குறைத்துவிடாதே.

மல்லிகை, திருவொற்றியூர்
ஞாயிறு, மாலை 6.10

நன்றாகக் குடிக்கிறாள், அம்மா. நானும் குடிக்கிறேன். ராணி அக்கா சொம்பு நிறைய ஊற்றிக் கொடுத்துவிட்டு, அது காலியாகும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். பெரியவன் அவர் மடியில் இருந்துகொண்டு தங்கையின் விரல்களை எண்ணுகிறான்.